பேண்டேஜ் துணிக்குள்ளிருந்து

சோப்பு செய்வதற்காக மகள் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட்டதும் எழுந்த அந்த நெடி, என்னை இராஜபாளையத்து லைன் வீட்டின் புறவாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன.

பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போன அம்மா, அங்கே கழித்துப் போட்ட, வலைபோன்ற வெள்ளைத் துணியைக் கேட்டு வாங்கி வருவாள்; சோப்புக்கு வேண்டிய செக்கு எண்ணெயும் சோடாவும் சேர்ந்துவிட்ட லீவு நாளில், தங்கச்சியையும் என்னையும் துவைகல்லுக்கு அப்பால் உட்காரவைத்து, அந்தத் துணியை மடித்துக் கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுவாள்.

“ஏட்டி, அவுத்திராத. தெறிச்சா கண்ணு போயிரும்.”

பிறகு உதட்டில் ஒட்டும் நூல்பிசிறும், அண்டாவில் மரத்துடுப்பு உரசி உரசி, எண்ணெய் கெட்டியாகக் கெட்டியாக மெதுவாகிப்போகும் சத்தமும், நடுநடுவே அம்மாவின் இருமலும்தான்.

நான் சொன்னதைக் கேட்ட மகள், தன் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்கிறாள்: “அம்மாச்சி முகத்துல என்னம்மா கட்டிக்கிட்டாங்க?”

அம்மா இருந்தவரை இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. துணிக்குள்ளிருந்து பார்த்த எனக்கு, முகம் எது, துணி எது என்று பிரியாமல் அம்மா முழுக்க வெள்ளையாகத்தான் தெரிந்தாள்.