கரியாலூர் பைனலில் அண்ணனின் கை

நைனார்பாளையத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்த என் அண்ணன், அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு மரவள்ளிக் காட்டில் இறங்கினார். அக்காவைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் படிக்கவைத்தார். இதெல்லாம் நீங்கள் அறிந்தவைதான். அண்ணனின் இந்த நினைவு மலரில் நான் எழுத வந்தது வேறு.

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு மட்டுமே கோல்கீப்பராக நின்றவர் அண்ணன். நம் பக்கத்துப் போட்டிகளில் ஒரு நாளைக்கு மட்டும் வெளியூர் ஆட்டக்காரரைக் கூட்டிக்கொள்வது சகஜம். அண்ணனைக் கூப்பிட எத்தனையோ பேர் வாசலில் பைக்கோடு வந்து நிற்பார்கள். "நம்ம கம்பத்த வுட்டுட்டு இன்னொருத்தன் கம்பத்துக்குக் காவலா? டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று அனுப்பிவிடுவார். தைலமரத்தை வெட்டி எங்கள் மைதானத்தில் அந்தக் கோல் கம்பங்களை நட்டவரே அவர்தான்.

இதில் மாட்டிக்கொண்டவன் நான். மாற்றுக் கோல்கீப்பர்! அண்ணனுக்குக் காய்ச்சல்கூட வராது. தன் கல்யாணத்தன்று சாயங்காலமே மைதானத்துக்கு வந்துவிட்ட மனுஷர். எட்டு வருஷம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தேன்.

அப்போது எனக்கு ரிஷிவந்தியத்தில் பெண் பார்த்தார்கள். பெருமைக்காக அம்மா, "எங்க சின்னவன்தாங்க டீமுக்குக் கோல்கீப்பரு" என்று அங்கே சொல்லிவைத்துவிட்டார். பெண்ணின் அப்பாவோ கால்பந்துப் பைத்தியம். கரியாலூரில் நடந்த பைனலைப் பார்க்க மலையேறி வந்து, கோட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அண்ணன் மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"சுளுக்கிக்கிச்சிடா. நீ நில்லு."

கேப்டன் மாணிக்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னாப்பா இது, இன்னிக்குப் பாத்தா?"

நின்றேன். நான்கு கோல் விட்டேன். கடைசிக் கோல் என் கால்களுக்கு நடுவிலேயே போனது. எங்கள் அணி எட்டிய ஒரே பைனல் அதுதான். ஆனால் பெண்ணின் அப்பா அம்மாவிடம் வந்து, "நாலு வாங்கியும் புள்ள எடத்த வுட்டு ஓடலிங்க. குடுக்கலாம்" என்றார்.

மறுநாள் காலையில் காட்டுக்குப் போனால், அண்ணன் அதே கையால் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். துண்டைக் காணோம்.

"இன்னாண்ணா இது?"

"அம்மா பேச்சு பொய்யாவக் கூடாதில்ல? நெசத்தச் சொன்னா மாணிக்கம் வுட்டிருப்பானா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்காத" என்று அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் ஆடினார். "பைனல்னா சுளுக்கிக்கும் கை" என்று ஊரே கேலி செய்தது. மாணிக்கம் ஒரு வருஷம் அவரோடு பேசவே இல்லை. அத்தனையையும் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் சும்மா நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, முறைவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர்கள் அந்த அணியினரே. அங்கேயும் மாணிக்கம், "கை எப்பிடி இருக்குது, கீப்பரே?" என்று கிண்டலடித்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அது.

அவரைத் தோளில் சுமந்த அணியினருக்கும், துக்கத்தில் எங்களோடு இருந்த உறவினர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். என் மனைவியே இந்தச் சங்கதியை இந்த மலரில்தான் முதல்முறை படிக்கிறாள்.

கேப்டன், அந்தக் கை சுளுக்கவே இல்லை. உங்கள் கோப்பை என் கல்யாணத்துக்குப் போனது. திட்டுவதென்றால் இனிமேல் என்னைத் திட்டுங்கள்.