வாடைக்காற்றில் ஏறிய பாலம்

எங்கள் சீமையில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது பாம்பன் பாலம் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கொடைக்கானலில் படிக்கும் மகளிடம், "அடிவாரத்துல இருந்து சைக்கிள்லயே வாரேன், ஒரு எடத்துலயும் கால் ஊன மாட்டேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அவள் அதை விடுதி முழுக்கச் சொல்லிவிட்டாள். என் மானம் போனால்கூடப் பரவாயில்லை, போவது அவளுடையது.

மார்கழிக் காலைகளில் தங்கச்சிமடத்திலிருந்து கிளம்பிப் பாலம் ஏறுவேன். முதலில் மூச்சு வாங்கியது, பிறகு தொடை பழகிவிட்டது. உச்சியில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தை மணியடித்து விலக்கிக்கொண்டு போவதில் தனிப் பெருமை. மண்டபத்தில் டீயும் வடையும் முடித்து, மீன் இறக்கிவிட்டுத் திரும்பும் மைத்துனரின் வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வீடு வந்துவிடுவேன்.

ஒருநாள் இட்லி தின்றுகொண்டே மனைவியிடம், மலையெல்லாம் இனி நமக்குத் தூசு என்று அளந்தேன். நான் பரமக்குடிக்காரன், அவள் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவள். சட்னிக் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"ஏங்க, போறப்ப காத்து மூஞ்சில அடிக்குதா, முதுகுலயா?"

"முதுகுலதான்."

"அது வாடைக்காத்து. நீங்க எங்க ஏறுனீங்க? அதுல்ல ஒங்களைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கு! நாளைக்கு வண்டியில வராம மிதிச்சு வாங்க, தெரியும்."

மறுநாள் திரும்பும்போது பாலத்தின் பாதியிலேயே இறங்கி நின்றேன். காற்று என்னை மண்டபத்துக்கே அனுப்பப் பார்த்தது. அழாத குறை. மைத்துனர் ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டே கடந்துபோனார். அன்று மாலையே மனைவி இதைப் போனில் மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு வடையும் கிடையாது, வண்டியும் கிடையாது. தை முழுக்க எதிர்காற்றில்தான் திரும்பினேன்.

மாசியில் மலை ஏறினேன். எதிர்காற்றாவது நடுவில் கொஞ்சம் ஓயும், மலை ஓயவே இல்லை. ஆனாலும் கால் ஊனவில்லை. ஊருக்குள் நுழையும் கடைசி ஏற்றத்தில் மகள் தோழிகளோடு நின்றிருந்தாள். அவளைப் பார்த்த சந்தோஷத்திலேயே என் கால்கள் சோர்ந்துவிட்டன. சைக்கிள் தள்ளாடியது, இடது கால் தரையைத் தேடியது. சட்டென்று வண்டி லேசானது. சீட்டுக்குப் பின்னால் கை வைத்துத் தள்ளியபடி அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"திரும்பிப் பாக்காம மிதிங்கப்பா," என்றாள் மூச்சிரைக்க. "வாடைக்காத்துதான்."