ஊருணிக்கு மேலே ஒரு வரப்பு

குளத்தூர் தாண்டியுள்ள பொட்டலில் ஒரு கம்பெனி புதுமாதிரி சோலார் தகடுகளைச் சோதனைக்காக நட்டிருந்தது. அதற்குக் காவல் அன்புச்செல்வி. கணவர் இறந்து, மகளும் கல்யாணமாகி ஓசூர் போய்விட்ட பிறகு கிடைத்த வேலை. பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே ஆள், ஆடு மேய்க்க வரும் சேதுலட்சுமி. மதியத்தில் இருவரும் வேலிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் உட்கார்ந்து சோற்றைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ஆடுகள் கீழே ஊருணியில் தண்ணீர் குடிக்கும்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் சூறைக்காற்று வீசியது. பக்கத்துக் கோழிப்பண்ணையின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு வந்து கடைசி வரிசைமேல் விழ, கண்ணாடிகள் நொறுங்கின. அன்புச்செல்வி திருச்சியிலிருந்த இன்ஜினியர் சத்யபிரியாவுக்குப் போன் போட்டாள்.

"எந்த வரிசைக்கா?"

"ஊருணிப் பக்கம், கடைசி வரிசைம்மா."

சத்யபிரியா விளக்கினாள். "இந்தத் தகட்டுக்குள்ள ஈயம் இருக்குக்கா. மத்த வரிசைக்கெல்லாம் அதைப் பிடிச்சு வைக்கிற பிலிம் ஒட்டியிருக்கு. வித்தியாசம் பாக்கணும்னு அந்த வரிசையை மட்டும் ஒட்டாம விட்டோம். மழைத்தண்ணி உள்ள போனா ஈயம் கரைஞ்சு வந்துரும்க்கா. இப்பவே கெளம்பி வாரேன். கையுறை இல்லாம தொட்டுறாதீங்க."

மழை பிடித்துக்கொண்டது. அன்புச்செல்வி கையுறையை மாட்டிக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடினாள். ஒரு முனையில் கல்லை வைத்தால் மறுமுனையைக் காற்று தூக்கியது. சேதுலட்சுமி மழைக்கு முன்பே ஆடுகளை ஓட்டிப் போயிருந்தாள்; பிடித்துக்கொள்ளக் கூப்பிட ஆளில்லை. தண்ணீர் சரிவில் இறங்கத் தொடங்கவும் மண்வெட்டியை எடுத்து, ஊருணிக்கு மேலே குறுக்காக மண்ணை வெட்டிப் போட்டு வரப்புக் கட்டினாள். சத்யபிரியா வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. தண்ணீர் இறங்கி, உடைந்த தகடுகளில் கருப்பு போய் மஞ்சள் பூத்திருந்தது. வரப்புக்கு மேலே தண்ணீர் தேங்கி நின்றது. அங்கிருந்து மண்ணும் ஊருணியிலிருந்து தண்ணீரும் சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனாள் சத்யபிரியா.

மறுநாள் ஆடுகளோடு வந்த சேதுலட்சுமியை அன்புச்செல்வி வழியிலேயே மறித்தாள்.

"தண்ணி காட்டாத சேது. ஈயம் எறங்கியிருக்குமோன்னு பயமா இருக்கு."

"ஈயச்சொம்புல ரசமே வைக்கிறாங்க, போக்கா!"

"அது வெள்ளீயம். இது காரீயம், வெசம். டெஸ்டு முடியட்டும்."

சேதுலட்சுமியின் முகம் மாறிவிட்டது. ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போனாள். விஷம் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது; அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. டவுன் பஸ்ஸில்கூட அன்புச்செல்வியின் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

சோதனை முடிவு வந்தது. வரப்புக்கு மேலே மண்ணில் ஈயம் இருந்தது, ஊருணியில் இல்லை. கம்பெனிக்காரர்கள் அந்த மண்ணை வெட்டி டிரம்களில் அள்ளிப்போனார்கள். புதிதாக மாட்டிய தகடுகள் எல்லாவற்றுக்கும் பிலிம் ஒட்டினார்கள். முடிவு வந்த அன்றே அன்புச்செல்வி சேதுலட்சுமியைத் தேடிப் போய்ச் சொன்னாள்.

"நல்லதுக்கா," என்றாள் சேதுலட்சுமி. "ஆனா ஆடுக இப்ப கம்மாய்ப் பக்கமே பழகிருச்சு." மகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு நடையைக் கட்டினாள்.

ஒருநாள் சத்யபிரியா போனில் கேட்டாள். "தனியாவே கெடக்கீங்களேக்கா. வேற சைட்டுக்கு மாத்தச் சொல்லவா?"

"வேணாம்மா. மழை வந்தா இங்கன ஒரு ஆள் வேணும்ல."

போனை வைத்தபின் அன்று பொழுது சாயும்வரை அவள் வேறு யாரோடும் பேசவில்லை.