சர்க்கரை மாத்திரையும் ஈரல் புழுவும்

எனக்கு ஆச்சரியம் அவ்வளவு சுலபத்தில் வராது. வருஷக்கணக்காக மலமும் சிறுநீரும் ரத்தமும் பார்த்துக்கொண்டிருந்த லேப் டெக்னீஷியனுக்கு எதைக் கண்டால்தான் வாய் பிளக்கும்? ஆனால் ஆட்டு ஈரலில் இருந்த நீர்க்கட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்று, "ஐயோ ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வெறும் கண்ணுக்கு அது தண்ணீருக்கு அடியில் படிந்த மணல். லென்ஸுக்குக் கீழே ஒவ்வொரு மணலும் ஒரு தலை. தலையைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி கொக்கிகள். கழுத்தை உள்ளே இழுப்பதும் வெளியே நீட்டுவதுமாக, அத்தனையும் உயிரோடு! நாய்க் குடலில் வாழும் நாடாப்புழுவின் குஞ்சுகள் அவை. நாயின் கழிவிலிருந்து முட்டை புல்லோடு ஆட்டுக்குள் போகும். சில சமயம் நம் வாய்க்கும் வந்துவிடும். வந்தால் ஈரலில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு தண்ணீர்ப் பை கட்டிக்கொள்ளும்.

அதே பை என் தங்கையின் ஈரலிலும் இருந்தது. மாதனூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து தினமும் கம்பெனி பஸ் ஏறி ஷூ தைக்கப் போகிறவள். தெருநாய் ஒன்று விடாமல் சோறு வைத்து, மடியில் போட்டுக் கொஞ்சுவாள். ஒரு தடவை வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் திரும்ப வந்தது, இந்த முறை பெரிய ரத்தக்குழாயை ஒட்டி. "சில மாசம் பூச்சி மாத்திரை சாப்பிடட்டும். அதுக்கும் சுருங்கலைன்னா மறுபடி திறக்கணும். இந்தத் தடவை நான் எந்த உத்தரவாதமும் குடுக்க மாட்டேன்" என்றார் சர்ஜன். வேலூரிலிருந்து வீடு திரும்புகிற வழியிலேயே நானும் அம்மாவும் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டோம்.

அதே ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த லேபில் மேல்படிப்புக்காக ஒரு டாக்டரம்மா இருந்தார். என்னைவிடச் சின்னவர், மூளை மட்டும் பெரிசு. ஆட்டு ஈரலைக் கசாப்புக் கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்தது அவருக்காகத்தான். ஒருநாள் ஒரு மாத்திரை ஸ்ட்ரிப்பை மேசையில் வைத்து, பொடி செய்யச் சொன்னார். பார்த்தால், எங்கள் அம்மா காலையும் ராத்திரியும் சாப்பிடுகிற அதே சர்க்கரை மாத்திரை.

"இன்னா டாக்டர், புழுவுக்கும் சுகரா?"

"சிரிக்காதீங்க அக்கா. மலேரியாவுக்குக் குடுக்கற ஒரு மாத்திரைக்கு இது பங்காளி. அது மலேரியாக் கிருமியைக் கொல்லுது. இது இந்தப் புழுவை என்ன பண்ணுதுன்னு பாத்துடலாமே."

ஒரு தட்டில் மருந்து கலந்த உப்புத் தண்ணீர், ஒரு தட்டில் வெறும் உப்புத் தண்ணீர், இரண்டிலும் குஞ்சுகள். தினமும் ஒரு சொட்டெடுத்துச் சிவப்புச் சாயம் விட்டுப் பார்ப்பது என் வேலை. உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது, செத்தது விட்டுவிடும். முதல் இரண்டு நாள் எதுவும் சிவக்கவில்லை. 'ஆமா, கிழிச்சுது' என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மருந்துத் தட்டில் ஒன்று சிவந்தது. மறுநாள் பத்து. அந்த வாரக் கடைசியில் லென்ஸில் கண்ணை வைத்தேன்; வரிசையாகச் சிவப்பு, ஒரு கழுத்துகூட அசையவில்லை. வெறும் தண்ணீர்த் தட்டிலோ அவைபாட்டுக்கு நீட்டி மடக்கிக்கொண்டிருந்தன. மளிகைச் சாமானோடு சேர்த்து நான் மாசாமாசம் வாங்கிப்போகிற மாத்திரை!

டாக்டரம்மா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவரோ, "நாம தட்டுல போட்ட அளவை மனுஷ உடம்பு தாங்காதுக்கா. தட்டு வேற, ஈரல் வேற. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அன்றே சோற்றுக் கையோடு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா, "நான் சாப்பிடறதா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து போய் ஜெபம் பண்ண உட்கார்ந்துவிட்டாள்.

மாதங்கள் போயின. அம்மா இளைத்துக்கொண்டே வந்தாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். காலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கட்டைவிரல் கறுத்தது. பயந்துபோய் அவள் ரத்தத்தை நானே எடுத்துப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை எக்கச்சக்கத்துக்கு ஜாஸ்தி. தங்கைக்குக் கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்.

"ஒழுங்கா முழுங்கறியா இல்லையா நீ?"

"காலியாயிருக்குதில்ல? அப்புறம் இன்னா?" என்றாள் அம்மா.

தங்கை டப்பாவில் கிடந்த காலி ஸ்ட்ரிப்புகளை எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது என் சத்து மாத்திரையாச்சே. டாக்டர் குடுத்தார்னு அம்மா தினம் ரெண்டு வேளை குடுக்குது."

நான் அம்மா பக்கம் திரும்பினேன். "பாவி, உனக்கும் சேத்து வாங்கியிருக்கலாமே! ஊர்ல கடையா இல்ல?"

"கடைக்காரன் உன் தோஸ்த்து. உன்கிட்ட போட்டுக் குடுக்காம இருப்பானா? அதுவும் இல்லாம, நான் பொருத்தனை பண்ணிட்டேன். என் பங்கை அவளுக்கு விட்டுட்டேன், அந்தப் புழு சாகற வரைக்கும் நான் தொட மாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு."

தங்கை அழுதுகொண்டே அன்றோடு அந்த மாத்திரையை நிறுத்தினாள். நான் புது ஸ்ட்ரிப் வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தேன். திட்டினேன், கெஞ்சினேன், காலில்கூட விழுந்தேன். இன்சுலின் ஊசியோடு போனால் கையைத் தட்டிவிட்டாள். "வாக்குன்னா வாக்குதான். நாலு நாள்ல செத்துட மாட்டேன், போ." அந்தக் கட்டைவிரலைப் பிறகு எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

ஸ்கேன் அறைக்குள் தங்கையோடு நானும் போனேன். திரையில் பை பாதியாகச் சுருங்கியிருந்தது. உள்தோல் கழன்று, தண்ணீரில் விழுந்த துணி மாதிரி மிதந்தது. "புழு செத்துடுச்சும்மா. ஆபரேஷன் வேணாம்" என்றார் ஸ்கேன் டாக்டர். நான் ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் உண்மையெல்லாம் சொன்னேன். அவர் ஸ்கேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பூச்சி மாத்திரைதான் கொன்னிருக்கும்னு நான் சொல்லணும். அதுதான் நியாயம். ஆனா உங்க தங்கச்சி ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டாங்களே, இனிமே யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. உங்க அம்மாவை நான் ஒரு தடவை பாக்கணும்க்கா."

வீட்டுக்கு வந்தோம். காலில் கட்டோடு அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துச்சா?"

"செத்துச்சும்மா."

"நல்லா பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன்."

அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"சரி, என் மாத்திரையக் குடு."