இரண்டு சீட் காடிக்கு இரண்டு ஆர்டர்

பஸ்ஸிலிருந்து வந்த போன்

டயர், சஸ்பென்ஷன் வேலைக்கு வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. ஜுருவில் இருக்கும் எங்கள் வொர்க்‌ஷாப்பில் குறை சொல்லி வந்த போன்களை எண்ணி மாளாது. ஸ்டீரிங் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறது, நேற்றுதான் பேலன்சிங் செய்தேன் இன்றைக்கு ஆடுகிறது, இப்படி. ஆனால் ஒருவர் தன் காரை, எங்கள் பேச்சில் காடியை, விட்டு இறங்கி, பஸ் ஏறி, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் செய்தது ஒரே ஒரு தடவைதான்.

"குணா தம்பி, ஷாகுல் பேசறேன். நான் பஸ்ஸுல இருக்கேன்."

"காடி என்னா ஆச்சு அண்ணே? பிரேக்டவுனா?"

"காடி நல்லா இருக்கு லா. ஹலிமா ஓட்டிக்கிட்டு முன்னால போயிட்டா. நான்தான் பிரேக்டவுன்."

வழியில் பத்து பெரிங்கி என்ற ஊரில் இறங்கிவிட்டாராம். அவர் இறங்கியதற்குக் காரணம் நான்தான். சஸ்பென்ஷன் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கலாம். உங்களுக்கென்று வேறு தப்புகள் எப்படியும் கிடைக்கும்.

ரகசியம் ஒன்று, ரகசியம் இரண்டு

ஷாகுல் அண்ணனும் ஹலிமா அக்காவும் ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் கடை வைத்திருந்த கணவன் மனைவி. முன்னால் நின்று சோறு போட்டுக் கறி ஊற்றுவது அண்ணன். அடுக்களை முழுக்க அக்கா. கடையை மகள் கையில் கொடுத்த மறுமாதம் அக்கா ஒரு காடி வாங்கினார். எழுபதுகளில் செய்த ஆங்கிலேயக் காடி. இரண்டே சீட், துணிக் கூரை, பச்சை நிறம், பவர் ஸ்டீரிங் கிடையாது. அதை ஓட்டுவது அக்கா. அண்ணனுக்கு ஆட்டோ கியரைத் தவிர வேறு எதுவும் வராது.

அக்கா முதல் முறை தீவிலிருந்து பாலம் கடந்து எங்களிடம் வந்தபோது நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, இதுக்குப் புது டயர் வேணும். அகலமா போடுங்க. சஸ்பென்ஷனும் இப்ப காலத்து சாமான் போடுங்க. ரோட்டுல பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிட்டுப் போவணும்."

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். பூ நன்றாகத்தான் இருந்தது. டயரின் மேல் இருக்கும் வெட்டுகளை எங்கள் தொழிலில் பூ என்போம். ஆனால் டயர் வாங்குகிறவர்கள் பூவை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதைப் படித்தேன். டயருக்குப் பதினான்கு வயது. நகத்தால் அழுத்தினேன், இறங்கவில்லை. ரப்பர் சாப்பாட்டு மேசைபோல் இறுகிப் போயிருந்தது.

"மழையில ஓட்டுனீங்களா அக்கா?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தெலுக் பஹாங் மலைப்பாதையில், மழையில், ஒரு வளைவில் காடி வழுக்கி முழுசாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டதாம். எதிரே வண்டி எதுவும் வராதது அதிர்ஷ்டம்.

"அங்க ஜாதிக்காய் விக்கிற ஆளு கை தட்டுனான் தம்பி. நான் வேணும்னே சுத்துனேன்னு நெனைச்சிட்டான். நான் ரிவர்ஸ் கியரத் தேடிக்கிட்டு இருக்கேன், அவன் தலையாட்டிச் சிரிக்கிறான். இத இவருகிட்ட சொல்லிடாதீங்க. காடிய வித்துடும்பாரு."

சொல்ல மாட்டேன் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஷாகுல் அண்ணன் தனியாக வந்தார். பக்கத்தில் ஏதோ சாமான் வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் சாமான் எதுவும் இல்லை.

"தம்பி, அவ என்னா செய்யச் சொன்னாளோ செய்ங்க. ஆனா கொஞ்சம் சோபா மாதிரி செஞ்சிடுங்க."

"ஏன் அண்ணே?"

"முதுகுல டிஸ்க் வெலகியிருக்கு. குலுங்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை ஏத்த மாட்டா, தனியாப் போவா. ரெண்டு மாசத்துல பழைய காடிக்காரங்க எல்லாம் சேர்ந்து தீவச் சுத்தப் போறாங்க. வழி சொல்ற ஆளுன்னு என் பேரத்தான் குடுத்திருக்கா. நான் வரலைன்னா மூஞ்சி எப்படிப் போவும்னு எனக்குத் தெரியும். சொல்லிடாதீங்க தம்பி."

இதற்கும் சரி என்றேன். ஒரே காடி, இரண்டு சீட், இரண்டு ஆர்டர். ஒருவருக்குப் பசை, ஒருவருக்கு சோபா.

நான் யாருக்குச் செய்தேன்

காடி ஓட்டுகிறவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வேறு காரணம் இருந்தது. அந்த மாதிரிக் காடியைத் தரையோடு தரையாக இறக்கி, அகலமான டயர் போட்டு நிறுத்திப் பார்க்க எனக்குப் பல வருட ஆசை.

அதன் சொந்த ரிம் பதினான்கு அங்குலம். நான் பதினைந்து அங்குல ரிம் வாங்கி, 195/50 டயர் போட்டேன். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 50 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. அந்த எண் குறையக் குறைய சுவர் குட்டை, அழகு அதிகம், ஆட்டமும் அதிகம். குட்டை ஸ்பிரிங் போட்டேன். குலுக்கலை அடக்கும் அப்சோர்பரைப் பதினாறு கிளிக் வரை திருகலாம், பதினாறையும் திருகி இறுக்கிவிட்டேன்.

பிறகு ஃபேக்டரிகளுக்கு நடுவே மேசைபோல் சமமாக இருக்கும் ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். அருமை. ஷாகுல் அண்ணனிடம், "எல்லாம் சரியாயிடும் அண்ணே" என்றேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த போன்.

திங்கட்கிழமை காலையில் அக்கா வந்து நின்றார். முகம் சரியில்லை.

"தம்பி, ரோட்டுல ஒரு நாணயம் கெடந்தா அது தலையா பூவான்னு சொல்லிடலாம், அப்படிக் குலுங்குது. வளைவுல மேடு வந்தா காடி பக்கவாட்டுல குதிக்குது. ஃபெண்டர்ல டயர் ஒரசுது. மீட்டர் நூறுன்னு காட்டுது, லோரிக்காரன் என்னைத் தாண்டிப் போய் டாட்டா காட்டறான். இவரு வேற காத்து வாங்கணும்னு எறங்கிப் போயிட்டாரு. என் ஓட்டல் அவருக்குப் பிடிக்கலபோல."

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் காடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. உண்மையான காரணம் எனக்குத் தெரியும். சொல்லாமல் குனிந்து ஃபெண்டரைப் பார்த்தேன்.

மீட்டர் பொய் சொன்னதும் என் வேலைதான். சக்கரத்தின் மொத்த உயரம் நாலு சென்டிமீட்டருக்குமேல் குறைந்துவிட்டது. சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், மீட்டர் அதை வேகம் என்று நினைத்துக்கொள்ளும்.

வொர்க்‌ஷாப் முதலாளி, எங்கள் தவுக்கே, அங்கே தே குடித்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் பக்கம் வளர்ந்த சீனர், தமிழ் ஓரளவு பேசுவார். அக்கா போனதும் கேட்டார்.

"குணா, இந்தக் காடி நீ அக்காவுக்குச் செஞ்சியா, ஒனக்குச் செஞ்சியா லா?"



பக்கத்து சீட்

மறுநாள் அக்காவை வரச் சொல்லி, அவரையே ஓட்டச் சொன்னேன். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அந்தக் காடியில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஓட்டுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டீரிங் இருக்கிறது, எதிரே வரும் பள்ளமும் முன்கூட்டியே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டும் இல்லை. கூரைக் கம்பி மூன்று தடவை என் தலையில் இடித்தது. மலாய்க் கம்போங் கிராமத்துப் பக்கம் ஒரு சின்னப் பாலத்தில் ஏறி இறங்கியபோது வாயிலிருந்து அம்மா என்று சத்தம் வந்தது. டிஸ்க் விலகாத முதுகுக்கே இந்தக் கதி.

திரும்பியதும் காடியை மேலே தூக்கி, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களை, அதாவது புஷ்களை, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் விரல் பட்டதும் பழைய கேக்போல் உதிர்ந்தது. புஷ் இப்படி இருக்கும் காடிக்கு எவ்வளவு நல்ல அப்சோர்பர் போட்டாலும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத்தான் போகும். முப்பத்தோரு வருட அனுபவம் உள்ளவன் ரிம் அழகில் மயங்கி இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

புஷ் எல்லாம் புதிதாகப் போட்டேன். பிளாஸ்டிக் மாதிரி கெட்டியான புஷ் கிடைக்கிறது, ரேஸுக்கு நல்லது. நான் சாதாரண ரப்பரையே எடுத்தேன். சொந்த உயரத்தில் ஸ்பிரிங். சொந்தப் பதினான்கு அங்குல ரிம். அதில் 185/70. பழைய அளவைவிடக் கொஞ்சம்தான் அகலம், மொத்த உயரம் அநேகமாக அதேதான், பக்கச் சுவர் நன்றாக உயரம். ஈர ரோட்டில் பிடிக்கும் என்று பேர் எடுத்த புது டயர். காற்று இருபத்தாறு பவுண்டு. அவ்வளவு லேசான காடிக்குக் குடும்பக் காடி மாதிரி முப்பத்து மூன்று வைத்தால் துள்ளும். அப்சோர்பரை மட்டும் வைத்துக்கொண்டேன். முன்னால் ஐந்தாம் கிளிக், பின்னால் நான்கு.

அக்கா பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னா தம்பி, டாக்சி டயர் மாதிரி இருக்கு?"

"டயர் ரோட்டுல இருந்தாத்தான் அக்கா ஒட்டும். போன தடவ நான் போட்டது பாதி நேரம் காத்துல இருந்துச்சு. காத்துல எந்த டயரும் ஒட்டாது."

"மெத்துன்னு இருந்தா வழுக்காதா?"

"மெத்துன்னு இருக்கறதுனாலதான் சக்கரம் கீழயே இருக்கும். ஓட்டிப் பாருங்க. பிடிக்கலைன்னா மறுபடியும் மாத்தித் தர்றேன்."

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கூரையை இறக்கிவிட்டு மறுபடியும் ஒரு சுற்று போனார். அதுதான் சர்ட்டிஃபிகேட் என்று எடுத்துக்கொண்டேன்.

ஷாகுல் அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. போனில், "தம்பி, பஸ்ஸுல ஏர்கோன் நல்லா இருக்கு" என்றார். பத்து நிமிடம் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

தீவைச் சுற்றிய நாள்

கிளம்பும் இடத்துக்கு அண்ணன் கக்கத்தில் ஒரு தலையணையோடு வந்தார்.

"இது எதுக்கு?" என்றார் அக்கா.

"சீட் தாழ்வா இருக்கு. ரோடு தெரியல. வழி சொல்ல வேணாமா?"

இருபது பழைய காடிகள் வரிசையாகக் கிளம்பின. யாராவது நின்றால் உதவ வேண்டுமென்று நான் வொர்க்‌ஷாப் வேனில் பின்னால் போனேன். உண்மையில் அந்தப் பச்சைக் காடியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து பெரிங்கி தாண்டியது, அண்ணன் இறங்கவில்லை. தெலுக் பஹாங்கில் மழை பிடித்தது. மலை ஏறத் தொடங்கியதும் வேனை இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனேன்.

ஒரு வளைவுக்கு முன்னால் அக்கா சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினார். ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து நானும் பின்னால் நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. அண்ணனுக்கு ஜாதிக்காய் வாங்கும் ஆசை.

கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பச்சைக் காடியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. ஜன்னலில் குனிந்து, கையை வட்டமாகச் சுற்றிக் காட்டி, இன்றைக்கும் ஒரு சுற்று சுற்றுவீர்களா அக்கா என்று மலாயில் உரக்கக் கேட்டார். என் வேன் வரைக்கும் கேட்டது.

அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கடைக்காரர் மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. அக்காவின் கை ஏதோ சொன்னது. அண்ணன் தலை அசையாமல் இருந்தது. பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. அதன் பிறகு அண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையணையை உருவி, தூக்கிக் காட்டி, ஏதோ சொன்னார். இப்போது அக்காவின் தலை அசையவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும். காடி கிளம்பியது. அந்த ஈர வளைவில் கோடு போட்டதுபோல் போனது. வேன் சாய்ந்து தள்ளாட, என்னால் பின்தொடர முடியவில்லை.

பாலிக் புலாவில் எல்லோரும் லக்சா சாப்பிட நிறுத்தியிருந்தார்கள். நான் வேனை விட்டு இறங்குவதற்குள் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். பாராட்டுவார்கள் என்று நினைத்துச் சிரித்தேன்.

"ஒங்களுக்கு ரெண்டும் தெரியுமா?" என்றார் அக்கா.

"தெரியும் அக்கா."

"ரெண்டு மாசமா வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு டயர மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தீங்களா? இவரு முதுகு போயிருந்தா?"

"நீங்க ரெண்டு பேரும் சொல்லாதன்னு சொன்னீங்களே?"

"நாங்க ஆயிரம் சொல்வோம்" என்றார் ஷாகுல் அண்ணன். "அவ மழையில தனியாச் சுத்திக்கிட்டு நின்னது ஒங்களுக்குத் தெரியும், புருஷன் எனக்குத் தெரியாது! நீங்க மெக்கானிக்தானே? மூடி வச்சதக் கழட்டறதுதானே ஒங்க வேலை?"

அக்கா அதற்குத் தலையை ஆட்டினார். அவர்கள் இருவரும் ஒரே ஆர்டர் கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். லக்சாவும் அவர்கள்தான் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை திட்டினார்கள்.

அன்றிலிருந்து பழைய காடி எது வந்தாலும் ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்கிறேன். வழக்கமாக அந்தக் காடியில் வேறு யார் போகிறார்கள் என்று கேட்பேன். உரிமையாளரை ஓட்டச் சொல்லிவிட்டு, நான் பக்கத்து சீட்டில் உட்காருவேன். பள்ளம் மேடு உள்ள ரோட்டில் பத்து நிமிடம். நான் பேச மாட்டேன். முதல் ஐந்து நிமிடத்தில் காடி தன் குறையைச் சொல்லிவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில், பெரும்பாலும், ஓட்டுகிறவரும் சொல்லிவிடுவார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தொடங்கினால், காடியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள் என்கிறேன். டயர் அளவு அதற்குப் பிறகு.