ஏலத்தில் சுற்றிய சக்கை

காலை 7.10. நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு முப்பது கிலோமீட்டர்தான். பேருந்துக் கட்டணம் முப்பது ரூபாய். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்தச் சாலையைப் போட்டவரை நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். மதுரைக்காரனான நான் வலிப்பு நோய்க்குப் புது மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

மார்த்தாண்டத்தில் கிரேஸ் டீச்சர் காத்திருந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியை. பதினோரு வருடமாக அவருக்கு வலிப்பு உண்டு. இரண்டு வகை மாத்திரை தின்றும் நிற்கவில்லை. கணவரைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

“தெரிஞ்சா பிள்ளையள எனக்க வகுப்பில விடமாட்டாவ. பேரு மட்டும் வெளிய வரப்பிடாது, சார்” என்றார். சரி என்றேன்.

8.50. புதுக்கடை தாண்டி இருக்கும் டீச்சரின் கிராமத்துக்குப் புறப்பட்டோம். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

“பிரிவுக்கு வந்தியளா?” என்றார் ஓட்டுநர். வசூலுக்கு இங்கே அந்தப் பெயர். விஷயத்தைச் சொன்னேன்.

“தீனக்காரன் ஆரு? படம் ஒண்ணும் இல்லியா?”

“இது ஆராய்ச்சிக்கு. எல்லா நோயாளிக்கும் பொது.”

“அப்பம் ஒருத்தனும் தரமாட்டான், கேட்டியளா!”

டீச்சர் ரப்பர் மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

11.30. ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் அறுப்பின் பண்டிகை ஏலம். தேங்காய், கோழி, வாழைக்குலை என்று சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விடுகிறார்கள். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்கிறார். அது மறுபடி ஏலத்துக்கு வருகிறது. அதுதான் இங்கே மரியாதை. ஒரே கோழி நான்கு முறை விற்றதைப் பார்த்தேன். கோழிதான் பாவம், களைத்துப்போயிருந்தது.

டீச்சர் தன் வீட்டுச் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, பெயர் சொல்லாமல் என் மூலமாகக் கொடுத்திருந்தார். அதில் வரும் தொகை ஆராய்ச்சிக்கு என்று சபைக் கமிட்டி ஒப்புக்கொண்டிருந்தது. ஏலம் விட்டவர் ராஜமணி, ஊர்க் கடைக்காரர். துண்டுச்சீட்டைப் படித்தார். வலிப்புக்கு இங்கே சுழலி தீனம் என்று பெயர்.

“சுழலி தீனத்துக்குப் புது மருந்து கண்டுபிடிக்கதுக்கு. சரி, சக்கை ஆருக்க வகை? பேரு இல்லாம ஏலம் விளிக்கப்பிடாது. முறை அதாக்கும்.”

கூட்டம் என்னைப் பார்த்தது. என்னுடையது என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீச்சர் எழுந்துவிட்டார்.

“எனக்க சக்கையாக்கும். தீனமும் எனக்குத்தான்.”

ராஜமணி சீட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு யாரோ ஐந்நூறு என்றார். ஏலம் சூடு பிடித்தது. எடுத்தவரெல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து முறை சக்கை மேசைக்கே வந்தது. எனக்கு ஒரே குஷி. டீச்சர் முகம்தான் சுண்டிப்போயிற்று. மெல்ல என் பக்கம் வந்தார்.

“சார், இது மரியாதைக்குத் திருப்பித் தாறதா? இல்ல, எனக்க கையில இருந்து வந்தத வீட்டில கேற்ற அறப்பா?”

மரியாதையா, அருவருப்பா? இரண்டுக்கும் செய்கை ஒன்றுதானே!

ஆறாவது முறை சுனிதா என்ற பெண் ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்தார். அவருடைய மகள் டீச்சரிடம் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். ராஜமணி வழக்கம்போலச் சக்கையை வாங்கக் கை நீட்டினார்.

“தரமாட்டேன். வெட்டுகத்தி எடுங்கோ” என்றார் சுனிதா.

“இன்னும் ரெண்டு வட்டம் ஓடும், பிள்ளே!”

“ஓடினது போரும்.”

கையில் தேங்காயெண்ணெய் தடவி, வாழையிலையில் வைத்து அங்கேயே அறுத்தார். முதல் சுளை மகளுக்கு.

“தின்னு மக்கா. ஒங்க டீச்சருக்க சக்கையாக்கும்.”

சிறுமி தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். டீச்சர் விசும்பி அழுதார். இலையைச் சுற்றிக் கைகள் நீண்டன. எனக்கும் ஒரு சுளை கிடைத்தது; கெட்டிச் சுளையுள்ள நல்ல வருக்கை. இன்னும் இரண்டு சுற்று ஓடியிருந்தால் ஆராய்ச்சிக்கு லாபம். அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மாலை 4.00. திரும்பும் பேருந்து. என் தங்கைக்கும் இந்த நோய்தான். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். இது தொட்டால் ஒட்டாது என்று ஊர் ஊராகப் பேசுகிறேன். மதுரையில் எங்கள் வீட்டில் அவளுக்குத் தட்டும் தம்ளரும் தனி. வாங்கி வைத்தது நான்தான்.