கேட்காமல் போன எட்டு மாதம்

முப்பது வருடம் பீடி பிடித்தவன் நான். பொட்டு மாதிரி ஒரு கறை வந்ததோ என் மனைவியின் நுரையீரலில். அடுப்புப் புகையைத் தவிர வேறு புகை அறியாதவள் அவள். இது என்ன நியாயம் என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனேன்.

இருமலுக்காக எடுத்த ஸ்கேனில் அது தற்செயலாகத் தெரிந்தது. கண்ணாடியில் மூச்சை ஊதியது போல ஒரு மங்கல், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நடுவில் கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது. எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர்.

"அப்ப இது புத்துநோயா சார்?"

"ஆமாம்னும் சொல்லலாம். இன்னும் முழுசா ஆகலன்னும் சொல்லலாம்."

ஒரு செல்லின் மரபணுவில் முதலில் ஒரு பிழை விழுமாம். அதோடு பல வருடம் சும்மாவே கிடக்கலாமாம். பிறகு அதன் வாரிசுகளில் பிழை மேல் பிழை சேர்ந்து, ஒரு கிளை மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு, உடம்பின் காவலையும் ஏமாற்றிவிட்டுப் பக்கத்துத் திசுவுக்குள் நுழையுமாம். எப்போது நுழையும் என்று கேட்டால், அதற்கு யாராலும் தேதி சொல்ல முடியாதாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தி பட்டால் பரவிவிடும். முதலியார்பேட்டையில் என்னோடு மில்லில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் இது தெரியும். டீக்கடையில் கேட்டேன், நெல்லித்தோப்பில் மைத்துனரைக் கேட்டேன். தொடாத வரைக்கும் அது தூங்கும் என்றார்கள். மனைவியிடம், "சளிக்கட்டிதான், மாத்திரையில கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் கவரை பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். எட்டு மாதம் இப்படியே ஓட்டினேன்.

அடுத்த ஸ்கேனில் கெட்டிப் பகுதி பெரிதாகியிருந்தது. பயந்துபோய் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். எடுத்ததைப் பரிசோதித்தபோது, ஓரிடத்தில் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தது.

"நான் இழுத்தடிச்ச எட்டு மாசத்துலயா சார், அதுக்கு முன்னாடியேவா?"

கத்தியால் அல்ல என்பதை மட்டும் டாக்டர் உறுதியாகச் சொன்னார். மற்றதற்கு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

வார்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அவள் அதிரவே இல்லை.

"என் புடவைக்கு அடியில வெச்சா எனக்குத் தெரியாதா? அன்னைக்கே மெடிக்கல் ஷாப்புல காட்டிக் கேட்டுட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஊரையே கேட்டுக்கினு இருந்தீங்க. என்னை எப்ப கேப்பீங்கன்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா?"

"மறுநாளே வந்து படுத்திருப்பேன்."